‘புரியல’ என்பவரைத் திட்டாதீர்கள்: பிலிம் சொசைட்டி நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நூலக மாடியிலும் கல்லூரி வகுப்பறையிலும் வாடகை மண்டபத்திலும் உலக சினிமா திரையிடுகிற எல்லா நண்பர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். உங்களில் பலர் சொந்தக் காசைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்து, நாற்காலி வரைக்கும் நீங்களே தூக்கிப் போட்டு இதைச் செய்கிறீர்கள். அந்த உழைப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் சொல்ல வந்தது படம் முடிந்து விளக்கு எரிந்த பிறகு நடப்பதைப் பற்றி. ‘எனக்குப் புரியல’ என்று எழுந்து சொல்கிற மனிதரை நீங்கள் நடத்துகிற விதத்தைப் பற்றி.

சில மாதங்களுக்கு முன் ஒரு சொசைட்டியில் ‘ஸ்கினமாரிங்க்’ போட்டார்கள். எந்த ஊர், எந்தச் சொசைட்டி என்பதெல்லாம் வேண்டாம். பெயரை மாற்றிப் போட்டால் வேறு பல இடங்களுக்கும் இந்தக் கதை பொருந்தும்.

பார்க்காதவர்களுக்காகப் படத்தைப் பற்றிக் கொஞ்சம். கைல் எட்வர்ட் பால் கனடாவின் எட்மண்டன் நகரத்துக்காரர். யூடியூபில் ஒரு சேனல் நடத்திக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்கள் தங்களுக்கு வந்த கெட்ட கனவுகளை எழுதி அனுப்புவார்கள், அவர் அவற்றைச் சின்னச் சின்னப் படங்களாக எடுத்துப் போடுவார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 2022-ல் வந்த இந்த முழுநீளப் படம். தான் வளர்ந்த வீட்டிலேயே, ஏறக்குறைய 15,000 டாலரில் எடுத்து முடித்தார். அந்தக் காசிலும் பெரும்பகுதி ஊர்கூடிப் போட்டது. நம் பணத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று லட்சம் வரும்.

கதை என்று பார்த்தால் இரண்டு வரி. 1995-ம் வருடம், நடுராத்திரி, நான்கு வயதுப் பையனும் ஆறு வயது அக்காவும் விழித்துக்கொள்கிறார்கள். அப்பாவைக் காணோம், வீட்டின் கதவுகளும் ஜன்னல்களும் ஒவ்வொன்றாக மறைந்துபோகின்றன. அவ்வளவுதான். 100 நிமிடமும் கேமரா முகங்களை அநேகமாகக் காட்டுவதே இல்லை. கூரை மூலை, கதவு நிலை, தரையில் கிடக்கும் பொம்மைகள், பழைய கார்ட்டூன் ஓடும் டிவியின் வெளிச்சம், இதையேதான் மாற்றி மாற்றிப் பார்க்கிறோம். குழந்தைகள் கிசுகிசுப்பது சில இடங்களில் காதில் விழாது, எழுத்தாக மட்டும் வரும். எல்லாவற்றுக்கும் மேலே பழைய பிலிம் போலப் புள்ளிகள் கொதித்துக்கொண்டே இருக்கும்.

இதை உலகம் எப்படி எதிர்கொண்டது என்பதும் சுவாரசியம்தான். 2022 ஜூலையில் மாண்ட்ரியலின் ஃபேண்டேசியா விழாவில் முதல் திரையிடல். பிறகு வேறொரு விழாவின் இணையத் திரையிடலிலிருந்து கள்ளப் பிரதி கசிந்து, டிக்டாக்கில் ‘இதைத் தனியாகப் பார்க்காதே’ என்கிற அளவுக்குப் பேச்சானது. 2023 ஜனவரியில் வட அமெரிக்காவில் அறுநூறுக்கும் மேற்பட்ட அரங்குகளில் வெளியாகி, இருபது லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தது. அந்த வசூலைக் கொடுத்தவர்களில் நிறையப் பேர் திட்டிக்கொண்டேதான் வெளியே வந்தார்கள். வாழ்நாளில் இப்படிப் பயந்ததில்லை என்று ஒரு கூட்டம், ஒன்றரை மணி நேரம் சுவரைப் பார்த்துவிட்டு வந்தோம் என்று இன்னொரு கூட்டம். விமர்சகர்கள் பெரும்பாலும் பாராட்டினார்கள். டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்கள் கொடுத்த மதிப்பெண் அதைவிட நன்றாகவே கீழே கிடந்தது. இரண்டு கூட்டமும் ஒரே படத்தைத்தான் பார்த்தது.

சரி, நம் அரங்குக்கு வருவோம். கலந்துரையாடல் தொடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். மரியாதையாகத்தான் கேட்டார். “கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன் சார். எனக்கு ஒண்ணுமே புரியல. யாராவது சொன்னா நல்லா இருக்கும்.” மைக் வைத்திருந்த அமைப்பாளர் சிரித்துக்கொண்டே, “கதை வேணும்னா வீட்டுல சீரியல் இருக்கே சார்” என்றார். அரங்கம் சிரித்தது. பெரியவர் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் அரை மணி நேரம் பேசினார்கள். மனப்பிரமை, குழந்தைமை, இருண்மை என்று சொற்கள் பறந்தன. ‘புரியல’ என்கிற பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எடுக்க எவனுக்குத் துணிச்சல் வரும்?

முன்வரிசையில் ஒரு கல்லூரிப் பெண் இருந்தார். படத்தின் பாதியிலேயே காலைத் தூக்கி நாற்காலியில் மடக்கிக்கொண்டதைப் பார்த்தேன், நிஜமாகவே பயந்திருந்தார். பெரியவரையும் அந்தப் பெண்ணையும் பேச விட்டிருந்தால் அன்றைக்கு ஒரு நல்ல விஷயம் வெளியே வந்திருக்கும். பெரியவர் உட்கார்ந்திருந்தது ஜன்னலுக்குப் பக்கத்தில். மதியம் மூன்று மணி வெயில் திரைச்சீலை இடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அவர் பார்த்தது சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல், அவ்வளவே. அவருக்கு மேலே ஃபேன் வேறு கடகடத்துக்கொண்டிருந்தது; கிசுகிசுப்பு எங்கே கேட்கும்? அந்தப் பெண் பார்த்த படம் அவருக்குப் போய்ச் சேரவே இல்லை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ரசனை பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நாம் வெளிச்சம் பற்றிப் பேசுவதே இல்லை. புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. வெளிச்சத்தை மட்டும்தான் வீச முடியும். அரங்கம் எவ்வளவு இருட்டோ அவ்வளவுதான் திரையில் கறுப்பு. அலுவலகக் கூட்டத்தில் கணக்குக் காட்டுவதற்காகச் செய்த புரொஜெக்டரை வைத்துக்கொண்டு, பகலில், வெள்ளைச் சுவர் உள்ள அறையில் இந்தப் படத்தைப் போட்டால் முக்கால்வாசிப் படம் காணாமல் போய்விடும். பாட்டும் சண்டையும் உள்ள படம் இதைத் தாங்கிக்கொள்ளும். இருட்டையே நம்பி எடுத்த படம் தாங்காது.

அப்புறம் பிரதி. படத்தில் அந்தப் புள்ளிக் கொதிப்பு அலங்காரத்துக்காக வைத்ததல்ல. இருட்டில் புள்ளிகள் அசைந்துகொண்டே இருக்கும்போது கண் தானாக அதில் உருவம் தேடும். அங்கே யாரோ நிற்கிறார்களா, அது முகமா, கதவா என்று நம் மூளையே பேயை உண்டாக்கிக்கொள்ளும். இயக்குநர் பால் செய்த தந்திரமே அதுதான். ஆனால் கோப்பின் அளவைக் குறைப்பதற்காக அமுக்கும்போது முதலில் பலியாவது இந்தப் புள்ளிகள்தான். ஒவ்வொரு நொடியும் மாறுகிற புள்ளியைச் சேமிக்க நிறைய இடம் வேண்டும், அதனால் மென்பொருள் அவற்றை வழித்துப்போட்டுவிட்டுக் கட்டம் கட்டமாக ஒரு சேற்றை விட்டுவைக்கும். அன்று திரையில் நான் பார்த்தது அந்தச் சேறுதான். எந்தக் கள்ளப் பதிவிறக்கத்திலிருந்து வந்ததோ! பதினைந்தாயிரம் டாலரில் படம் எடுத்த மனிதருக்கு நம் சொசைட்டியிலிருந்து பத்து பைசா போயிருக்காது என்று நினைக்கிறேன். உரிமை கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் சின்னப் படக்காரர்கள் பல நேரம் இறங்கி வருவார்கள். ஒழுங்கான பிரதியும் சேர்ந்து வரும்.

இத்தனை கோளாறும் நம் பக்கம். பழி மட்டும் பெரியவருக்கு.

பெரியவர் கேட்ட கேள்விக்குக் கடைசியில் பதில் வரவில்லையா என்றால், வந்தது. அதுவும் மோசமாக வந்தது. படத்தின் ஆரம்பத்தில் பையன் மாடிப்படியில் விழுந்ததாக அப்பா யாரிடமோ போனில் சொல்லுவார். அதைப் பிடித்துக்கொண்டு, ‘பையன் கோமாவில் இருக்கிறான், மொத்தப் படமும் அவன் மூளைக்குள் நடக்கிறது’ என்று ரசிகர்கள் மத்தியில் ஒரு விளக்கம் உண்டு. மேடையிலிருந்து ஒருவர் அதை விடைத்தாள் மாதிரி வாசித்தார். எல்லோரும் ‘ஓ’ என்றார்கள், கூட்டம் கலைந்தது. இப்படி ஒரு விளக்கம் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அதுதான் விடை என்றால், பெரியவர் மனசுக்குள் ‘இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே’ என்று நினைத்திருப்பார், நியாயமாகவே. அந்த விளக்கத்தால் ஒரு காட்சிகூட முன்பைவிடப் பயங்கரமாகவோ அழகாகவோ ஆகவில்லை. பேச்சு நின்றுபோனது மட்டும் நடந்தது.

என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஒளித்து வைப்பானேன். எனக்கு அந்தப் படத்தின் முதல் நாற்பது நிமிடம் மிகவும் பிடிக்கும். நடுவில் அது தன்னையே திருப்பிச் சொல்கிறது. இதே இயக்குநர் 2020-ல் ‘ஹெக்’ என்று அரை மணி நேரத்துக்கும் குறைவான ஒரு குறும்படத்தில் இதே வித்தையை இன்னும் கச்சிதமாகச் செய்திருக்கிறார். புதிதாக வருகிற கூட்டத்துக்கு அதைப் போட்டு, பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முழுப் படத்தைப் பிறகு வைத்திருக்கலாம்.

நீங்கள் உடனே 1960-ஐ எடுப்பீர்கள், தெரியும். பிரான்ஸின் கான் விழாவில் இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் ‘லவ்வெந்தூரா’வைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள், கூச்சல் போட்டார்கள், இயக்குநரும் நாயகி மோனிகா விட்டியும் அரங்கை விட்டே வெளியேறினார்கள். மறுநாள் இயக்குநர் ரோசலினி உள்ளிட்ட பலர் கையெழுத்திட்டு ஆதரவு அறிக்கை விட்டார்கள், படம் ஜூரி பரிசு வாங்கியது. இரண்டே வருடத்தில் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் நடத்திய கருத்துக்கணிப்பில் உலகின் சிறந்த படங்களில் இரண்டாம் இடம். ‘அன்று கூச்சல் போட்டவர்கள் இன்று எங்கே?’ என்று கேட்டு முடிப்பீர்கள். இந்தக் கதையை எத்தனை மேடையில்தான் கேட்பது! நடந்தது உண்மை, ஆனால் அதை வைத்து நீங்கள் போடுகிற கணக்கு தப்பு. கூச்சல் வாங்கிய படங்களில் பெரும்பாலானவை எந்தப் பட்டியலிலும் ஏறாமல் மறைந்தே போயின. அவற்றின் பெயர் நமக்குத் தெரியாததால் ‘லவ்வெந்தூரா’ மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. திட்டு வாங்கியது ஒரு படத்துக்குத் தகுதிச் சான்றிதழ் ஆகாது.

நம் சொசைட்டி மரபையே எடுத்துக்கொள்ளுங்கள். 1947-ல் கல்கத்தா பிலிம் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் சத்யஜித் ராயும் ஒருவர். அவரே 1974-ல் எழுதிய கட்டுரையில் மணி கவுலின் ‘துவிதா’, குமார் ஷஹானியின் ‘மாயா தர்ப்பண்’ என்ற இரண்டு இந்திக் கலைப் படங்களையும் நன்றாகவே வறுத்தெடுத்தார். எனக்கு ‘துவிதா’ உயிர். அந்த விஷயத்தில் ராய் சொன்னது சரியில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் பிடிக்கவில்லை என்பதை வெளிப்படையாக, காரணத்தோடு எழுதியதால்தான் பிடித்தவர்களும் தங்கள் காரணத்தைத் தேடிப் பிடித்துச் சொல்ல வேண்டிவந்தது. ராய் உங்கள் அரங்கில் எழுந்து அதைச் சொல்லியிருந்தால் சீரியல் பார்க்கப் போகச் சொல்லியிருப்பீர்களா?

புரியாமை சந்தோஷமாகவும் இருக்க முடியும். ‘பிரைமர்’ என்று 2004-ல் அமெரிக்காவின் சண்டான்ஸ் விழாவில் பெரும் பரிசு வாங்கிய படம், 7,000 டாலரில் எடுத்தது, 77 நிமிடம் ஓடும். காலப் பயணத்தை இஞ்சினியர்கள் பேசுகிற பாஷையிலேயே பேசிவிட்டுப் போகும். முதல் தடவையில் எல்லாம் பிடிபட்டது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். பார்த்தவர்கள் காகிதத்தை எடுத்து, யார் எந்தப் பெட்டியிலிருந்து எப்போது வெளியே வந்தான் என்று படம் போட்டுப் பார்த்தார்கள், இன்றும் போடுகிறார்கள். புரியவில்லை என்று சொல்ல அங்கே யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை. பரீட்சை முடிந்து வெளியே வந்த பிள்ளைகள் மாதிரி ‘மூணாவது கேள்விக்கு நீ என்ன எழுதினே?’ என்று கேட்டுக்கொண்டார்கள்.

தமிழிலும் இது நடந்தது, நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். 2024 ஆகஸ்டில் ‘கொட்டுக்காளி’ அரங்குகளுக்கு வந்தது. பி.எஸ். வினோத்ராஜின் முந்தைய படமான ‘கூழாங்கல்’ நெதர்லாந்தின் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியிருந்தது, இது பெர்லின் விழாவில் இடம்பெற்றிருந்தது. ஆனால் சூரி பெயரைப் பார்த்து வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு வந்தவருக்கு ரோட்டர்டாம் எதற்கு? பின்னணி இசை கிடையாது, நாயகி அநேகமாகப் பேசுவதே இல்லை, சாமியாடியிடம் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவிலும் பைக்கிலும் போகிறார்கள், போகிறார்கள், சட்டென்று படம் முடிகிறது. ‘அவ்வளவுதானா?’ என்று அரங்கில் எழுந்த கேள்வி மிக இயல்பான கேள்வி. எனக்குப் பிடித்த முடிவு அது. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டவர்களை ரசனை கெட்டவர்கள் என்று அடுத்த நாளே எழுதித் தள்ளியதைப் பார்த்தபோது எரிச்சலாகத்தான் இருந்தது. எழுதியவர்களில் சொசைட்டிக்காரர்களும் உண்டு. இருநூறு ரூபாய் கொடுத்து வந்தவரிடம், இது என்ன மாதிரி படம் என்று முன்கூட்டி நான்கு வார்த்தை சொல்ல நமக்குத் தோன்றவில்லை, பின்னால் திட்ட மட்டும் நேரம் இருந்தது.

‘எளிய மக்களுக்குக் கடினமான படம் ஏறாது’ என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நேர்மாறாகத்தான் நினைக்கிறேன். கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆப்ரஹாமும் அவருடைய ‘ஒடெஸா’ என்ற திரைப்படக் குழு நண்பர்களும் ஊர் ஊராகப் போய், சாப்ளினின் ‘தி கிட்’டைப் போட்டுக் காட்டி, மக்களிடம் சில்லறையாகச் சேர்த்த காசில்தான் 1986-ல் ‘அம்ம அறியான்’ எடுத்தார்கள். எடுத்ததை அதே மக்களிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். அது ஒன்றும் லேசான படம் இல்லை. நேர்க்கோட்டில் போகாது, ஆவணப் படமா கதைப் படமா என்று பிரிக்க முடியாது. ஆனாலும் கூட்டம் வந்தது, பேச்சு நடந்தது. படத்துக்குக் காசு போட்டவனிடம் ‘உனக்குப் புரியாது’ என்று யார் சொல்ல முடியும்?

ஆக, நான் கேட்பது பெரிய விஷயமில்லை. படத்துக்கு முன்னால் சுருக்கமாகப் பேசுங்கள். விருதுப் பட்டியல் வேண்டாம். எவ்வளவு நேரம் ஓடும், கதை மெதுவாகப் போகுமா போகவே போகாதா, எதைக் கவனித்தால் நல்லது, இதைச் சொன்னால் போதும். தூக்கம் வந்தால் தூங்கலாம் என்றும் சொல்லுங்கள். பார்க்கிறவரைத் தூங்கவைக்கிற படங்கள் தனக்குப் பிடிக்கும் என்று ஈரானிய இயக்குநர் கியாரோஸ்டாமியே சொன்னவர்தானே. நடுவில் எழுந்து போகிறவரை வாசலில் நின்று முறைக்காதீர்கள். செல்போன் எடுக்கிறவரை மட்டும் தாராளமாக முறைக்கலாம். இருட்டுப் படத்தில் ஒரு செல்போன் வெளிச்சம் போதும், நான்கு வரிசைக்குப் படம் போய்விடும். அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை.

படம் முடிந்த பிறகு முதல் பத்து நிமிடம் மேடையில் யாரும் ஏற வேண்டாம். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காதீர்கள், பள்ளிக்கூட ஞாபகம் வரும். ‘எந்த இடத்துல உங்களுக்கு விட்டுப்போச்சு?’ என்று கேளுங்கள். அதற்கு எல்லோரிடமும் பதில் இருக்கும். இருபதாவது நிமிடம், அந்தக் கார்ட்டூன் மூன்றாம் முறை ஓடியபோது, சப்டைட்டில் எழுத்து சின்னதாக இருந்ததால் ஆரம்பத்திலேயே என்று ஆளுக்கொன்றாக வரும். அதில் பாதி உங்கள் அரங்கத்தைச் சரிசெய்ய உதவும், மீதி படத்தைப் பற்றிய உருப்படியான பேச்சாக இருக்கும். விளக்கம் வைத்திருப்பவர் கடைசியில் பேசட்டும்.

அடுத்து ‘எரேசர்ஹெட்’ போடப்போவதாக உங்களில் சிலர் சொன்னீர்கள், சந்தோஷம். அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்ச் அதை எடுத்து முடிக்க ஐந்து வருடம் போல ஆனது. நடுவில் காசில்லாமல் வீடு வீடாகப் பேப்பர் போட்டார். 1977-ல் நியூயார்க்கின் சினிமா வில்லேஜ் அரங்கில் நள்ளிரவுக் காட்சியாகத் தொடங்கியபோது முதல் நாள் 25 பேர், மறுநாள் 24 பேர். அதை வெளியிட்ட விநியோகஸ்தர் பென் பேரன்ஹோல்ட்ஸ் அதைத் தூக்கவில்லை. அதே அரங்கில், அதே நள்ளிரவில் வாராவாரம் விட்டுவைத்தார். வந்தவன் நண்பனைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தான், ஒரு வருடம் ஓடியது. என்ன அர்த்தம் என்று லிஞ்ச் சாகும்வரை சொல்லவில்லை. அர்த்தம் கேட்டவர்களை முட்டாள் என்றும் சொல்லவில்லை.

89 நிமிடம்தான். தயவுசெய்து மதியம் மூன்று மணிக்கு வைக்காதீர்கள். இரவு எட்டரைக்கு மேல் வையுங்கள், இரண்டு வாரம் தொடர்ந்து வையுங்கள், ஃபேனைக் குறையுங்கள். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி நான் வாங்கித் தருகிறேன், அளவு மட்டும் எடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்களில் ஒருவன்